எம்எம் 540: ஷாக்கிள் மாற்றிய பிறகு ஸ்டீயரிங் திரும்பி வருவதில்லை, 60-ல் முன்சக்கரம் உதறுகிறது

சின்னமனூர்540:
அனைவருக்கும் வணக்கம். வண்டி மஹிந்திரா எம்எம் 540 ஜீப், ஃபோர் வீல் டிரைவ். முன்னும் பின்னும் லீஃப் பட்டை (அடுக்கு ஸ்பிரிங்), முன்னால் சாலிட் ஆக்ஸில் (இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அச்சு). முன் ஷாக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) துரு ஏறிப் போனதால் புதிது போட்டேன். போடுகிறதுதான் போடுகிறோம் என்று 2 இன்ச் நீளம் கூடுதலாக அடித்து வாங்கினேன். டயர் 31 இன்ச், பத்தரை இன்ச் அகலம், ரேடியல், 15 இன்ச் ரிம்.

இப்போது மூன்று தொல்லை. வளைவில் திருப்பினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதில்லை, நான்தான் இழுத்து வர வேண்டியிருக்கிறது. நேர் ரோட்டில் இரண்டு பக்கமும் அலைகிறது. 60-ல் ஏதாவது பாலத்து ஜாயின்ட் ஏறினால் முன்பக்கம் முழுக்க உதறுகிறது. 30-க்குக் கீழே வந்தால்தான் நிற்கிறது. டயரின் வெளி ஓரமும் தேய ஆரம்பித்துவிட்டது.

டவுனில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செய்தேன். திரையில் பச்சை வந்தது, பிரின்ட்டும் கொடுத்தார்கள். வெளியே வந்து ஓட்டினால் அதே கதை. ஸ்டீயரிங் டேம்பர் (உதறலை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

ஜிப்ஸி கோத்தகிரி:
போடுங்க ப்ரோ. என் ஜிப்ஸியில் இதே உதறல் இருந்தது. டேம்பர் போட்டதும் வெண்ணெய் மாதிரி போகிறது. அலைன்மென்ட் எல்லாம் இந்த வண்டிகளுக்குப் பெரிதாகத் தேவையில்லை. கேம்பரும் (முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) கிடையாது, கேஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு முன் பின்னாகச் சாயும் கோணம்) கிடையாது, டோ (இரண்டு சக்கரமும் முன்னால் குவிந்தால் டோ-இன், விரிந்தால் டோ-அவுட்) மட்டும்தான் திருப்ப முடியும்.

பழைய பட்டறை:
தம்பி, டேம்பரை இப்போதைக்கு வாங்காதீங்க. ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டேம்பர் போட்டால் ஆட்டம் அப்படியே இருக்கும், கைக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். ஒரு நாள் டேம்பர் எண்ணெய் ஒழுகி ஓயும்போது மொத்தமாகக் காட்டும்.

முதலில் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்குங்க. ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்டு கட்டாயம் வையுங்க, ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். டயரை மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளே வெளியே அசைத்துப் பாருங்க. ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங் பின் (சக்கரம் இடது வலதாகத் திரும்பும் அச்சு) பேரிங்காகவும் இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. லைனர் டிரம்மைக் கவ்வியதும் சக்கரமும் பேக் பிளேட்டும் ஒன்றாகிவிடும். அப்போது ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆட்டம் அப்படியே இருந்தால் கிங் பின்.

அடுத்து டயரை இடது வலதாகப் பிடித்து ஆட்டுங்க, அதில் டை ராட் (இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) எண்ட் ஆட்டம் தெரியும். பிறகு சக்கரத்தை இறக்கி, இன்ஜினை நிறுத்தி, ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் சின்னதாக ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பாருங்க. பிட்மேன் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் கை), டிராக் லிங்க் (அந்தக் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), டை ராட், ஸ்டீயரிங் பாக்ஸைச் சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட், ஷாக்கிள் புஷ். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் கைக்குத் தெரியும். பாக்ஸ் போல்ட்டை யாரும் பார்ப்பதில்லை, பழைய சேஸிஸில் அந்த இடம் கீறல் விடும்.

இதெல்லாம் முடித்துவிட்டு அலைன்மென்ட் பேசலாம். லூசாக இருக்கிற மூட்டில் எந்த அளவு வைத்தாலும் அடுத்த பள்ளத்தில் மாறிவிடும்.

சின்னமனூர்540:
நன்றி அண்ணே. ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுகிறேன். அதற்குள் ஒரு சந்தேகம்: கம்ப்யூட்டரில் பச்சை வந்ததே, அப்படியானால் டோ சரிதானே? பிரின்ட்டில் மொத்த டோ-இன் 4 மில்லி என்று இருக்கிறது.

கோணமானி:
4 மில்லி என்பது எந்த இடத்தில் அளந்த 4 மில்லி? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். டோ என்பது அடிப்படையில் ஒரு கோணம். மில்லிமீட்டரில் சொன்னால், எவ்வளவு விட்டத்தில் அளந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்கு அர்த்தம். பல மெஷின்கள் ரிம் விட்டத்துக்குக் கணக்குப் போட்டு மில்லி காட்டும். உங்கள் ரிம் 15 இன்ச், அதாவது 381 மில்லி. டயர் 31 இன்ச், 787 மில்லி. ரிம்மில் 4 மில்லி என்றால் டயர் டிரெட்டில் 8 மில்லிக்கு மேல் வரும். பழைய ஜீப்பின் மேனுவல் அளவைக் கடைக்காரர் டயரில் அளக்கும் அளவாக எடுத்து, மெஷினில் ரிம் அளவாக அடித்திருந்தால், டோ இரண்டு மடங்காகிவிடும்.

டயர் டிரெட் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழவழப்பாகவும், உள்ளிருந்து வெளியே வரும்போது ரம்பம் போலக் கையில் குத்துவதாகவும் இருந்தால் டோ-இன் அதிகம். நேர்மாறாக இருந்தால் டோ-அவுட்.

சின்னமனூர்540:
இப்போதே போய்த் தடவினேன். உள்ளிருந்து வெளியே வரும்போது குத்துகிறது. இரண்டு டயரிலும் அப்படித்தான்.

3டி பே சேலம்:
நான் அலைன்மென்ட் கடையில்தான் வேலை பார்க்கிறேன். மெஷினைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. கேமரா பொய் சொல்லாது, நாம் கொடுக்கிற டேட்டாதான் கோளாறு. எம்எம் 540 பெரும்பாலான மெஷின் லிஸ்ட்டில் இருக்காது. பையன் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு ஜீப்பைத் தேர்ந்தெடுத்துவிடுவான், அதனால் பச்சையும் வந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, "மேனுவலாக அளவு போடுங்க, டோவை டிகிரியில் காட்டுங்க" என்று கேட்பது. 31 இன்ச் டயரில் 2 மில்லி டோ-இன் வேண்டும் என்றால் மொத்தம் 0.15 டிகிரி, பக்கத்துக்கு 0.07 சொச்சம்.

கேஸ்டர் ஸ்விங் செய்தார்களா என்றும் பாருங்க. ஸ்டீயரிங்கை இடது வலது திருப்பச் சொல்லி மெஷின் கேட்கும். நிறையக் கடைகளில் டோ மட்டும் பார்க்க வந்த வண்டிக்கு அதை ஸ்கிப் செய்துவிடுவார்கள். பிரின்ட்டில் கேஸ்டர் இடத்தில் கோடு போட்டிருந்தால் அளக்கவே இல்லை என்று அர்த்தம்.

சின்னமனூர்540:
கோடுதான் போட்டிருக்கிறது.

ஜிப்ஸி கோத்தகிரி:
அதைத்தானே நானும் சொன்னேன். கேஸ்டர் மாற்றவே முடியாத வண்டியில் அதை அளந்து என்ன பயன்?

கோணமானி:
மாற்றுவதற்கு போல்ட் இல்லை, அவ்வளவுதான். அவர் தெரியாமலே மாற்றிவிட்டார், அதுதான் இங்கே பிரச்சினை.

கிங் பின் அச்சின் மேல்முனை பின்னால் சாய்ந்திருப்பதுதான் பாசிட்டிவ் கேஸ்டர். அந்தச் சாய்வு இருந்தால், அச்சை நீட்டிப் பார்த்தால் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் விழும். அதனால் வண்டி முன்னே போகும்போது சக்கரம் தானாக நேராகும். பழைய வில்லிஸ் ஜீப்புக்கு சர்வீஸ் மேனுவல் கொடுத்த அளவு கேஸ்டர் 3 டிகிரி, கேம்பர் ஒன்றரை டிகிரி, டோ-இன் 3/64 முதல் 3/32 இன்ச் வரை. 540 அந்தப் பரம்பரை வண்டிதான்.

ஷாக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கிற வண்டியில் ஷாக்கிளை 2 இன்ச் நீட்டினால், சேஸிஸை வைத்துப் பார்க்கும்போது ஸ்பிரிங்கின் முன் கண் 2 இன்ச் கீழே இறங்கும், பின் கண் அதே இடத்தில் நிற்கும். பட்டைக்கட்டு முன்பக்கம் சரிந்து, மேலே உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிலையும் முன்னால் உருட்டிவிடும். உங்கள் ஸ்பிரிங்கின் கண்ணுக்குக் கண் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அது 92 செமீ என்று வைத்தால், 5 செமீ இறக்கத்துக்குக் கோணம் 3.1 டிகிரி. ஒரிஜினலாக இருந்ததே 3 டிகிரி. மீதம் பூஜ்யம். இதற்காக ஆக்ஸிலுக்குக் கிடைத்த உயரம் 1 இன்ச்தான், ஏனென்றால் ஒரு முனை மட்டும்தான் இறங்கியது.

ஸ்டீயரிங் திரும்பி வராததும், நேர் ரோட்டில் அலைவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். உதறலுக்கு வேறு காரணமும் இருக்கலாம்.

லேத் வேலை:
கேஸ்டருக்கு ஆப்பு வைத்தால் போதும். 3 டிகிரிக்கு இரும்பில் ஆப்பு கடைந்து, ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸில் பேடுக்கும் நடுவே வைப்பது. தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். எத்தனையோ வண்டிக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

பழைய பட்டறை:
லேத் தம்பி, நீங்கள் செய்து கொடுத்த வண்டிகளில் பட்டை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றியவை அதிகம் இருந்திருக்கும். பட்டை மேலே இருந்தால் நீங்கள் சொல்வது சரி, தடித்த பக்கம் பின்னால். 540-ல் கம்பெனி ஃபிட்டிங்கில் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும், ஆக்ஸில் பட்டை மேல் உட்காரும். அதில் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். அப்போதுதான் ஆக்ஸிலின் முன்பக்கம் தூக்கி, கிங் பின் தலை பின்னால் சாயும். மாற்றி வைத்தால் இருக்கிற கேஸ்டரும் போய் மைனஸில் நிற்கும். அந்த வண்டியை 40-ல் ஓட்டவும் கை வராது.

லேத் வேலை:
ஆமாம், நான் சொன்னது மேலே ஏற்றிய வண்டிக்கு. அலுமினிய ஆப்பு மட்டும் வாங்காதீங்க. ரெடிமேடாக விற்கிறார்கள், மெல்லிய முனை நசுங்கி விரிசல் விடும். யூ போல்ட் (பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் போல்ட்) லூசாகும், அப்புறம் சென்டர் போல்ட் (இலைகளை நடுவில் கோக்கும் போல்ட்) அறுந்து ஆக்ஸிலே இடம் மாறும். இரும்புதான் நல்லது. அகலம் பட்டை அகலத்துக்குச் சரியாக இருக்கட்டும். ஆப்பின் தடிமனுக்கு ஏற்ப நீளமான சென்டர் போல்ட் வேண்டும், அதன் தலை பேடில் இருக்கிற குழிக்குள் முழுசாக உட்கார வேண்டும். உட்காராமல் யூ போல்ட்டை இறுக்கினால் வண்டி கோணலாகத்தான் ஓடும். கொஞ்சம் ஓட்டிவிட்டு யூ போல்ட்டை மறுபடி டைட் வையுங்க.

3டி பே சேலம்:
ஆப்பு வைப்பதற்கு முன்னால் பழைய ஷாக்கிளைத் திருப்பிப் போடுவதுதானே சுலபம்? 1 இன்ச் உயரத்துக்கு இவ்வளவு வேலையா? 31 இன்ச் டயர் உரசினால் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே வந்து இடிக்கும் ரப்பர்) உயரம் கூட்டலாம், இல்லை பட்டைக்கட்டில் ஒரு இலை சேர்க்கலாம். இரண்டிலும் கேஸ்டர் அவ்வளவாக மாறாது.

சின்னமனூர்540:
ஞாயிறு வேலை முடிந்தது. விவரம்:

வலது சக்கரம் மேலே கீழே ஆட்டம் இருந்தது. பிரேக் பிடித்தும் ஆட்டம் போகவில்லை. நக்கிளை (கிங் பின்னில் திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் மூட்டு) பிரித்துப் பார்த்தால் கீழ் கிங் பின் பேரிங்கில் கிரீஸே இல்லை, சிவப்புச் சேறு. நக்கிளைச் சுற்றியிருக்கும் ஃபெல்ட் சீல் கிழிந்திருக்கிறது, ஓடையில் இறங்கும்போதெல்லாம் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ரோலர்கள் கப்பில் ஒரே இடத்தில் பதிந்து வரிவரியாகக் குழி. இடதுபக்கம் பரவாயில்லை, ஆனாலும் இரண்டு பக்கமும் பேரிங், சீல் எல்லாம் புதிது போட்டுவிட்டேன். டை ராட் எண்ட் ஒன்று மாற்றினேன்.

டை ராடைக் கழற்றி வைத்துவிட்டு, நக்கிள் ஆர்ம் முனையில் ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்து, மேனுவலில் இருக்கும் அளவு வரும்வரை ஷிம் (மெல்லிய தகடு) எடுத்தோம். மேல் மூடியிலும் கீழ் மூடியிலும் சமமாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நக்கிள் நடுவில் நிற்காது என்று மெக்கானிக் சொன்னார்.

ஓட்டிப் பார்த்தேன். உதறல் முக்கால்வாசி போய்விட்டது. பெரிய பள்ளத்தில் விழுந்தால் மட்டும் ஒரு ஆட்டு ஆட்டி நின்றுவிடுகிறது. அலைவதும் திரும்பி வராததும் அப்படியே இருக்கிறது.

தரையை ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, கிங் பின் மேல் மூடியின் தட்டையான இடத்தில் போன் வைத்து அளந்தேன். முன் பின் சாய்வு அரை டிகிரிகூட இல்லை. கோணமானி சார் கணக்கு சரிதான்.

பழைய பட்டறை:
நல்ல வேலை தம்பி. இனிமேல் ஓடை ஆற்றில் இறங்கி வந்தால் நக்கிள் கிரீஸைப் பாருங்க. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, மாற்றிவிடுங்க.

அந்த மீதி ஆட்டத்துக்கு டயரைச் சந்தேகப்படுங்க. பேலன்ஸ் செய்தீர்களா? சேற்று டயர் என்றால் ரிம்முக்குள் காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் அதுவே போதும், உதறலைக் கிளப்பிவிடும். காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

சின்னமனூர்540:
மலையில் 18 பிஎஸ்ஐ. இறங்கியதும் பங்கில் ஏற்றலாம் என்று இருப்பேன், சில நேரம் அப்படியே வீடு வந்துவிடுவதும் உண்டு.

ஜிப்ஸி கோத்தகிரி:
18-ல் ரோட்டில் ஓட்டினால் எந்த வண்டியும் ஆடத்தான் செய்யும் ப்ரோ. சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே வையுங்க.

அப்புறம் அண்ணன் சொன்ன பிரேக் டெஸ்ட்டை என் ஜிப்ஸியிலும் செய்து பார்த்தேன். இடதுபக்கம் கிங் பின் ஆட்டம் இருக்கிறது. டேம்பர் போட்டதிலிருந்து நான் கீழே குனிந்து பார்க்கவே இல்லை. பேரிங் செட் சொல்லியிருக்கிறேன்.

தார் 2021:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது புதிய தார், முன்னால் லிஃப்ட் ஸ்பேசர் போட்டிருக்கிறேன். நானும் ஆப்பு வைக்கலாமா?

3டி பே சேலம்:
உங்களுக்குக் கதையே வேறு சார். உங்கள் வண்டியில் முன்னால் இண்டிபென்டன்ட் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும்), டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங். ஆப்பு வைக்க இடமே கிடையாது. அதில் உயரம் கூட்டினால் டோ, கேம்பர், கேஸ்டர் மூன்றுமே ஒன்றாக நகரும். பழைய சிஆர்டிஇ தாரில் டார்ஷன் பாரை (முறுக்கு ஸ்பிரிங் கம்பி) திருகி உயர்த்தினாலும் அப்படித்தான், அதோடு சக்கரம் கீழே இறங்கும் தூரமும் குறையும். உயரத்தை முடிவு செய்துவிட்டு, அந்த உயரத்திலேயே மெஷினில் ஏற்றி மூன்றையும் பார்க்க வேண்டும். தனி இழை போடுங்க, படத்தோடு பேசலாம்.

கோணமானி:
ஆப்பில் ஒரு பக்கவிளைவு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸிலைப் பின்னால் உருட்டும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கும். முன் ஆக்ஸிலில் மூக்கு பின்பக்கம் பார்த்திருக்கும், அதனால் முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் யூ ஜாயின்ட் கோணம் கூடும். உங்கள் ஹப்பில் ஃப்ரீ வீல் லாக் (முன்சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்டிலிருந்து பிரித்துவிடும் பூட்டு) இருந்தால் ரோட்டில் அந்த ஷாஃப்ட் சுற்றாது, பாதகமில்லை. லாக் இல்லாத ஹப் என்றால் டூ வீலில் போனாலும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், அதிர்வு வரும், யூ ஜாயின்ட் சீக்கிரம் போகும். 3 டிகிரி பரவாயில்லை. 6, 7 டிகிரி ஆப்பு கேட்கிற அளவுக்குத் தூக்கியிருந்தால், நக்கிள் கப்பை அறுத்துத் திருப்பி வெல்ட் செய்வதுதான் முறை. அது எல்லோரும் செய்யக்கூடிய வேலை இல்லை.

சின்னமனூர்540:
ஃப்ரீ வீல் ஹப் இருக்கிறது. சேலம் நண்பர் சொன்னதையும் யோசித்தேன். பழைய ஷாக்கிள் நீளத்துக்கே திரும்பினால் வளைவில் டயர் பட்டையில் உரசாது, ஃபெண்டரில்தான் உரசும். ஃபெண்டர் ஓரத்தை வெட்ட மனசு வரவில்லை. ஆப்பே வைக்கிறேன்.

டோவை வீட்டிலேயே வைக்க முடியுமா? டேப் பிடித்தால் நடுவில் இன்ஜினும் சேஸிஸும் குறுக்கே வருகிறது.

பழைய பட்டறை:
முடியும். மட்டமான தரை வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கி, ஒவ்வொரு டயரையும் கையால் சுற்றிக்கொண்டே டிரெட் நடுவில் சாக்பீஸ் தீட்டுங்க. பிறகு ஒரு கட்டையில் ஆணி அடித்து, கட்டையைத் தரையில் அழுத்திப் பிடித்து, ஆணி முனை படும்படி டயரைச் சுற்றினால் சாக்பீஸ் மேல் மயிரிழை போல ஒரு கோடு விழும். ரிம் கோணலாக இருந்தாலும் இந்தக் கோடு கோணாது. அதனால்தான் ரிம்மிலிருந்து அளக்கக் கூடாது என்பது.

கீழே இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பட்டை தானாக உட்காரட்டும். ஜாக்கியில் இருந்து இறக்கியதும் அளந்தால் தப்பாக வரும். கடைசியாக உருட்டுவது முன்பக்கமாக இருக்கட்டும், பிரேக் போடாமல் தானாக நிற்கவிடுங்க.

இப்போது ஹப் உயரத்தில், டயரின் முன்பக்கம் கோட்டுக்குக் கோடு ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு. பின்னால் டேப் நுழையாது என்றால் இரண்டு டயருக்கும் வெளிமுகத்தில் ஆளுக்கு ஒரு அலுமினிய பாக்ஸ் பைப்பைக் கட்டி, அவை டயரைத் தாண்டி முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, வண்டிக்கு அடியில் பைப்புக்குப் பைப்பு அளக்கலாம். கீழே போல்ட் தடுக்காத உயரத்தில் கட்டுங்க. டயர் புடைப்பில் பைப் ஆடாமல் இரண்டு இடத்தில் பட வேண்டும். பின் அளவை விட முன் அளவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு டோ-இன்.

அந்தக் காலத்து நைலான் டயருக்கு நாங்கள் அரை நூல், முக்கால் நூல் என்று வைப்போம். உங்கள் ரேடியலுக்கு அரை நூல் தாராளம், ஒன்றரை மில்லி.

கோணமானி:
பைப்பில் அளப்பவர்கள் முன் பின் அளக்கும் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே டயர் விட்டம் அளவே தூரம் வையுங்கள், இங்கே 79 செமீ. பைப் நீளமாக இருக்கிறதே என்று அதன் முனையில் அளந்தால், மறுபடி அந்த ரிம் குழப்பம்தான், இந்த முறை தலைகீழாக.

டை ராட் திருகும்போது கவனம். இரண்டு முனையும் எதிரெதிர் மரை. முழுச் சுற்றுத் திருகினால் இரண்டு முனையிலும் நீளம் மாறும். மரை இடைவெளி 1.5 மில்லி, நக்கிள் ஆர்ம் 15 செமீ என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு டயரில் 15 மில்லிக்கு மேல் டோ மாறும். அதனால் எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்று போங்கள். ராட் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தால் நீளம் கூட்டினால் டோ-இன், முன்னால் இருந்தால் டோ-அவுட்.

ஜிப்ஸி கோத்தகிரி:
ஆஃப் ரோடு ஓட்டுகிறவர்கள் டோ பூஜ்யம் வைக்கச் சொல்கிறார்களே?

கோணமானி:
அதற்குக் காரணம் இருக்கிறது. டூ வீலில் பின்சக்கரம் தள்ள, முன்சக்கரத்தைத் தரை பின்னால் இழுக்கும். மூட்டுகளில் இருக்கிற சின்னச் சின்ன இடைவெளி எல்லாம் சேர்ந்து சக்கரங்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அதை ஈடுகட்டத்தான் நிற்கும்போது கொஞ்சம் டோ-இன் வைப்பது. ஃபோர் வீல் போட்டால் முன்சக்கரமே இழுக்கும், அப்போது உள்பக்கம் குவியப் பார்க்கும். நாள் முழுக்க லோ ரேஞ்சில் ஏறுகிறவருக்குப் பூஜ்யம் பொருந்தும். இவர் போடிமெட்டு இறங்கி நேர் ரோட்டில் வீட்டுக்கு வருகிறவர். அவருக்கு ஒன்றரை, இரண்டு மில்லி நல்லது.

சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பாருங்கள். பாதை முழுக்கக் கல், வேகம் நடைவேகம்தான். அந்த டிரைவர்கள் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், டோ அரை மில்லி என்று யாரும் டேப் பிடிப்பதில்லை. அவர்களுக்கு அது தேவையும் இல்லை.

சின்னமனூர்540:
ஆப்பு வைத்தாயிற்று, 3 டிகிரி, தடித்த பக்கம் முன்னால். போனில் அளந்தால் 3-ஐ ஒட்டி வருகிறது. டோ முதலில் அளந்தபோது கோட்டுக்குக் கோடு 8 மில்லி இன் காட்டியது, பிரின்ட்டில் இருந்த 4 மில்லியின் கதை இதுதான். இப்போது 2 மில்லிக்குள் வைத்திருக்கிறேன். டயரை இரண்டையும் பேலன்ஸ் செய்தேன், ரோட்டுக்கு 28 பிஎஸ்ஐ.

வளைவு முடிந்து கையை விட்டால் ஸ்டீயரிங் தானாகச் சுற்றி நேராகிறது. உதறல் இல்லை. திருப்ப முன்னைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கிறது, அது பரவாயில்லை.

ஒரே ஒரு குறை: நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வளையத்தின் குறுக்குக் கம்பி வலதுபக்கம் சாய்ந்து நிற்கிறது. மெக்கானிக், ஸ்டீயரிங்கைக் கழற்றி ரெண்டு பல் தள்ளிப் போட்டுவிடலாம் என்கிறார்.

பழைய பட்டறை:
அப்படிச் செய்ய விடாதீங்க. ஸ்டீயரிங் பாக்ஸ் நடுவில் நிற்கும்போதுதான் அதன் பிளே மிகக் குறைவாக இருக்கும்படி செய்திருப்பார்கள். ஸ்டீயரிங்கை மட்டும் தள்ளிப் போட்டால் பார்க்க நேராக இருக்கும், பாக்ஸ் நடுவிலிருந்து விலகியே ஓடும். நேர் ரோட்டில் மறுபடி அலையும், ஒரு பக்கம் திருப்பமும் குறையும். முழு இடது, முழு வலது எத்தனை சுற்று என்று எண்ணி, பாக்ஸை நடுவில் நிறுத்துங்க. சக்கரத்தை நேராக வைத்து, டிராக் லிங்க் நீளத்தைத் திருகிச் சேருங்க. சாலிட் ஆக்ஸிலில் டை ராட் டோவுக்கு, டிராக் லிங்க் ஸ்டீயரிங் நேருக்கு. இரண்டும் தனித்தனி. அதன் பிறகும் கம்பி சாய்ந்திருந்தால் மட்டும் பல் மாற்றலாம்.

வண்டி தூக்கியதால் டிராக் லிங்க் சாய்வும் கூடியிருக்கும். பள்ளத்தில் ஒரு பக்கப் பட்டை அமுங்கும்போது ஸ்டீயரிங் லேசாக இழுத்தால் அதனால்தான். 1 இன்ச்சுக்குப் பெரிதாகத் தெரியாது.

சின்னமனூர்540:
டிராக் லிங்கில் சரியாகிவிட்டது அண்ணே. கம்பி நேர்.

லேத் வேலை:
மலைக்குப் போகும்போது டை ராட் எண்ட் ஒரு ஜோடி, இடது மரை ஒன்று வலது மரை ஒன்று, கையில் வையுங்க. கல்லில் இடித்து ராட் வளைந்தால் அதன் நீளம் குறையும், டோ ஒரேயடியாக மாறும். கழற்றி, பாறை இடுக்கில் கொடுத்து நிமிர்த்தி, எண்டுகளைப் பழைய மரைக்கே போட்டால் வீடு வந்து சேரலாம். மரை எத்தனை வெளியே தெரிகிறது என்று இப்போதே பெயின்ட் கோடு போட்டு வையுங்க.

சின்னமனூர்540:
போட்டுவிட்டேன். கடைசியாக ஒன்று. டை ராட் கிளாம்ப் போல்ட்டின் தலை எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும்? முழு இடது ஒடித்தால் எங்கோ "டக்" என்று ஒரு சத்தம்.

பழைய பட்டறை:
அதேதான், கிளாம்ப் பட்டையிலோ யூ போல்ட் நட்டிலோ தட்டுகிறது. லூஸ் செய்து, போல்ட் ராடுக்குப் பின்பக்கம் வரும்படி கிளாம்பைச் சுற்றி வையுங்க. கீழே தொங்கவிடாதீங்க, கல் அடிக்கும். சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, எங்கேயும் படவில்லை என்று பார்த்துவிட்டு டைட் செய்யுங்க. அப்புறம் டோவை ஒருமுறை அளந்துவிடுங்க, கிளாம்ப் இறுக்கும்போது ராட் லேசாகச் சுற்றியிருக்கும்.